இரண்டு அடுக்களைக்கும் நடுவில் நின்றவனுக்கு

அன்பு மாப்பிள்ளை சூசைக்கு,

நீ போன இடத்தில் தபால்காரர் வருவாரா என்று தெரியாது. உயிரோடு இருந்தபோதே கடிதத்துக்குப் பதில் போடாதவன் நீ. இப்போது போடவில்லை என்று கோபித்துக்கொண்டால் ஊர் சிரிக்கும்.

காலேஜ் மலருக்கு முதல்வரின் வருஷ அறிக்கை வேண்டும் என்று கேட்டார்கள். உட்கார்ந்தேன். "நமது கலாசாலை நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக" என்று ஒரு வரி எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. இந்தக் காலேஜ் வளர்ந்ததா தேய்ந்ததா என்று உண்மையாகவே கவலைப்பட்டவன் நீ ஒருவன்தான். அதனால் அறிக்கையை உனக்கே எழுதிவிடுகிறேன். காலேஜை நடத்துகிற கமிட்டிக்காரர்களும் படிப்பார்கள். படிக்கட்டும்.

பிரின்சிபால் ஒருவர் செத்துப்போன வார்டனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிறாரே என்று புதுப் பிள்ளைகள் விழிப்பார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் திருச்சியில் ஒரே அறையில் தங்கிப் படித்த காலத்தில் என்னை ஆவூர்த் தேருக்குக் கூட்டிப் போனாய். உன் ஆத்தா வாசலிலேயே நின்று, "வாங்க மருமகனே, கைகால் கழுவிட்டு உக்காருங்க, எலை போட்டாச்சு" என்றார்கள். அரிமளத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, மாதா கோயில் தேருக்குப் போய் மருமகனாகித் திரும்பினேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் கை நனைத்ததை எங்கள் வீட்டில் சொல்லவில்லை என்பது வேறு கதை.

சரி, சேதிக்கு வருகிறேன். மின்சார விளக்கு வந்துவிட்டது. கம்பத்தை நட்டுவிட்டுப் போனவர்கள் கம்பியோடு திரும்பி வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை காக்காய்தான் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது எரிகிறது. திருமயம் கோட்டைப் பக்கமிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அணைந்தும் போகிறது. பையன்கள் இன்னும் அரிக்கன் விளக்கைத் துடைத்து வைத்திருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்.

விஞ்ஞானக் கட்டடம் எழும்பிவிட்டது. யுத்தத்தில் இரும்பு கிடைக்காமல் பனங்கை போட்டுக் கூரை வேய்ந்தோம். பொட்டலில் தோண்டிய கிணற்றுத் தண்ணீர் கோடையிலும் வற்றவில்லை. "இங்கிட்டு வேண்டாம், அங்கிட்டுத் தோண்டுங்க" என்று நீ காலால் கோடு கிழித்த இடம்தான். பெண்பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். கூண்டு வண்டியில் வந்து முன் பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்களில் ஒருத்தி உன் மகள் மரியா. கணக்கில் உன்னைப் போலவே ஒரு படியைத் தாவிவிட்டு விடையை எழுதிவிடுகிறாள். வாத்தியாருக்குக் கோபம் வருகிறது, எனக்குக் கண் கலங்குகிறது.

இதையெல்லாம் நான் நீட்டிக்கொண்டே போகும்போது நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "மச்சான், சுத்தி வளைக்காம பந்தி என்னாச்சுன்னு சொல்லுங்க." அதைச் சொல்லத்தான் இவ்வளவு தயக்கம்.

நம் ஹாஸ்டலில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு சமையல். பிராமணப் பிள்ளைகளுக்கு வடக்குக் கொட்டகை, மற்றவர்களுக்குத் தெற்குக் கொட்டகை. இரண்டு அடுப்பு, இரண்டு சாப்பாட்டு மணி. நடுவில் இருந்த முற்றத்தில் நீ நிற்பாய். இரண்டு பந்திக்கும் நீதான் வார்டன். மணி அடிக்குமுன் சமையலை ருசி பார்ப்பது வார்டனின் வேலை. வடக்குக் கொட்டகையில் சமைக்கிற கிச்சாமி ஐயர் ரசத்தை ஒரு டம்ளரில் கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். நீ படிக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, "புளி தூக்கலா இருக்கு சாமி" என்பாய். அவர், "உமக்கு நாக்கில் கோளாறு" என்பார். வருஷக்கணக்காக நடந்த சண்டை அது. டம்ளரை நீயே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாய்.

தெற்குப் பந்தியில் உன் வார்த்தை இல்லாமல் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். கடைசி இலைக்கும் குழம்பு விழுந்ததைப் பார்த்த பிறகுதான், "ம், கைய வைங்கப்பா, ஆறிப்போகுது" என்பாய். முதலில் வந்தவன் முதலில் தின்றால் கடைசியில் வருகிறவனுக்குக் காய் இருக்காது என்பதற்காக நீ கொண்டுவந்த வழக்கம் அது.

வருஷம் தவறாமல் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நிற்பாய். "ஐயா, பரீட்சையை ஒரே ஹால்ல உக்காந்து எழுதுறாங்க. ஒரே மைதானத்துல பந்து ஒதைக்கிறாங்க. எலையில மட்டும் எதுக்கு ரெண்டு பந்தி?" தலைவர் மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே, "வார்டன் கெளம்பிட்டாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் உனக்காகக் கை தூக்குவேன். நம் இரண்டு கையும் மேலே நிற்கும், மற்றவர்கள் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள். வெளியே வந்து, "அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும் மச்சான்" என்பாய். உன்னோடு இருந்தபோது எனக்கும் அது நகரும் போலத்தான் தோன்றியது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஹாஸ்டலில் ஒவ்வொரு பையனாகப் படுத்தபோது ராப்பகலாகக் கஞ்சி கொடுத்தவன் நீ. பையன்கள் எல்லோரும் எழுந்தார்கள். கடைசியாகப் படுத்த நீ எழவில்லை.

நீ போய் அதிக நாள் ஆகவில்லை, யுத்தத்தில் பர்மா அரிசி நின்றுபோயிற்று. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன். விறகு வண்டி வருவதும் நின்றது. ரேஷன் அதிகாரி நேரில் வந்து இரண்டு புகைபோக்கியையும் அண்ணாந்து பார்த்தார். "சார், ஒரு ஹாஸ்டலுக்கு ஒரு கார்டுதான். ரெண்டு அடுப்புக்கு என்னால அளக்க முடியாது. எந்த அடுப்பை அணைக்கிறீங்க?" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷம் நகராத அம்மியை அந்த மனிதர் ஒரு கேள்வியில் நகர்த்திவிட்டார். தலைவர் பொடி டப்பியை மடியில் செருகிக்கொண்டு ஒரே கார்டுக்குக் கையெழுத்துப் போட்டார். வயிறு சம்பந்தப்பட்டால் சாஸ்திரம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது.

தெற்கு அடுப்பு அணைந்தது. கிச்சாமி ஐயர் எல்லோருக்கும் சமைத்தார். முதல் நாள் பெரிய ஹாலில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை. பரிமாறி முடிந்தது. வடக்குப் பிள்ளைகள் இலையைச் சுற்றி நீர் தெளித்துவிட்டு, எதிரே இருப்பவர்கள் தொடங்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள். தெற்குப் பிள்ளைகள் உன் வார்த்தைக்குப் பழகியவர்கள். நீ போன பிறகு மூத்த பையன் ஒருவன் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றைக்கு எதிர் வரிசையைப் பார்த்துக் கூச்சப்பட்டு அவன் வாயைத் திறக்கவில்லை. ஹால் முழுக்கச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. கார்டு வாங்கினோம், விறகு வாங்கினோம். பந்தியைத் தொடங்கிவைக்க ஓர் ஆள் வேண்டுமே, அதை யாரும் யோசிக்கவில்லை.

நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அடுக்களைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கைய வைங்கோ, ஆறிப்போறது." கிச்சாமி ஐயர். கரண்டியோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வரிசையும் ஒன்றாகக் குனிந்து சாப்பிடத் தொடங்கின. நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்று முகம் கழுவிக்கொண்டேன்.

அன்றைக்கு நீ இருந்திருக்கக் கூடாதா மாப்பிள்ளை? நீ கேட்டுக் கேட்டு நடக்காதது, நீ இல்லாத நேரத்தில், கேட்காமலே நடந்தது. அதிலும் உன் பேச்சின் நியாயத்துக்காக நடக்கவில்லை, விறகுக்காக நடந்தது. மரியா அப்போது சின்னப் பெண். ஓடிவந்து, "மாமா, அப்பா கேட்டது கெடச்சிருச்சாமே?" என்றாள். "ஆமாம்மா, கெடச்சிருச்சு" என்றேன். விறகுக் கதையை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

யுத்தம் முடிந்தது. ஒரு நாள் கமிட்டி கூடியது. தலைவர் அதே பொடி டப்பியோடு, "யுத்த கால ஏற்பாடு யுத்தத்தோட போகட்டும். தஞ்சாவூர்லேருந்து நெல்லு வருது, விறகு வண்டியும் வருது, நாமளும் பழையபடி இருந்துக்குவோம்" என்றார். நான் எழுந்து நின்றேன். பையன்கள் ஒன்றாக உட்கார்ந்து இத்தனை காலம் சாப்பிட்டார்கள், ஒரு குறையும் வரவில்லை, ஒருவருக்கொருவர் ஊருக்குப் போய்வருகிற அளவுக்குச் சிநேகம் வந்திருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் மேலே நின்றது என் ஒரு கைதான். பக்கத்தில் உன் கை இல்லாதது அப்போது உறைத்தது.

பையன்கள் மறுப்பார்கள் என்று நம்பினேன். அங்கேதான் எனக்குப் பெரிய அடி. பொங்கல் லீவு முடிந்து திறந்த அன்றைக்குப் பழையபடி இரண்டு கொட்டகை மணியும் அடித்தது. வடக்கே போகிறவர்கள் வடக்கே போனார்கள். தெற்கு அடுப்பில் மீமிசல் கருவாட்டுக் குழம்பு. பொது அடுப்பில் இத்தனை காலம் கருவாடு கிடையாதல்லவா? வாசனை வந்ததும் நம் பையன்கள் சமத்துவம், சிநேகம் எல்லாவற்றையும் மறந்து ஓடினார்கள். யாரைக் குறை சொல்வது? எனக்கே நாக்கில் நீர் ஊறியது.

முற்றத்தில் நீ நிற்கிற இடத்தில் நின்றேன். வடக்கிலிருந்து "கைய வைங்கோ" என்று கேட்டது. தெற்கே சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். புதிதாக வந்த சமையல்காரருக்கும் புது வார்டனுக்கும் வழக்கம் தெரியாது. பரிமாறிவிட்டுப் போய்விட்டார்கள். பையன்கள் கருவாட்டுக் குழம்பை முன்னால் வைத்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். உன்னைப் பார்த்தே இராத பையன்கள், பொதுப் பந்தியில் கிச்சாமி ஐயர் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள். போய் நின்று, "கைய வைங்கப்பா" என்றேன். சாப்பிட்டார்கள்.

வெளியே வந்தால் கிச்சாமி ஐயர் நிற்கிறார்.

"பிரின்சிபால் சார், ருசி பார்க்க ஆள் வரலையே?"

நான் உன் பழக்கப்படி படிக்கு வெளியே நின்றேன். அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "உள்ள வாங்கோ" என்றார். "சூசை சாரை நான் ஒரு நாள்கூட உள்ள வாங்கோன்னு கூப்பிடலை. அவரும் ஒரு நாள்கூடக் கேக்கலை. புளி தூக்கல்னு மட்டும் சொல்லிண்டிருந்தார். நெஜமாவே தூக்கல்தான் சார்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்து ரசம் குடித்தேன். புளி இப்போது அளவாக இருக்கிறது. யாருக்காக அவர் குறைத்தார், எப்போது குறைத்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் மரியா என் அறைக்கு வந்தாள். வேடிக்கையாகப் பேசுகிறவள், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மாமா, அப்பா கேட்டது போயிருச்சா?" என்றாள். இந்தத் தடவை விறகுக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "விறகால கெடச்சது விறகோட போயிருச்சு. அப்ப இன்னும் கேட்டுக் கெடைக்கலதானே? கேளுங்க மாமா" என்றாள். பார்த்தாயா, இதிலும் ஒரு படியைத் தாவிவிட்டு நேரே விடைக்குப் போய்விட்டாள்.

ஆகையால் மாப்பிள்ளை, இதுதான் உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அடுத்த கமிட்டியில் முதல் பேச்சு உன்னுடையது. அதற்கடுத்த கமிட்டியிலும் அதுவே. என்னை வீட்டுக்கு அனுப்புகிறவரை எழுந்து நின்று கேட்பேன். மத்தியானம் வடக்கே உள்ளே போய் ருசி பார்ப்பேன். தெற்கே கடைசி இலைக்கும் குழம்பு விழுந்த பிறகு, நீ சொன்னதைச் சொல்லிவிட்டு அந்தப் பந்தியிலேயே உட்காருவேன். தலைவர் பொடி டப்பியைத் தட்டி, "பிரின்சிபால் கெளம்பிட்டாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பாதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் ஆத்தாவுக்கு மருமகன்,
மரியாவுக்கு மாமா,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
அரிமளம் ராமையா