பூஜைக்கு வைத்த லேத்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
கார்த்திகை 4

அன்புள்ள அத்தானுக்கு,

உலகம்மை எழுதுகிறேன். நானும் உங்கள் மகள் ஆர்ஷாவும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். போனில் பேசினால் பாதியில் எனக்குக் கோபம் வருகிறது, உடனே நீங்கள் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பாலிடெக்னிக்கில் மாலை வகுப்பை மூடப் போகிறார்கள். இப்போது படிப்பவர்களைப் பகல் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம். பகலில் வேலைக்குப் போகிறவன்தானே மாலையில் படிக்க வருகிறான்? இதைச் சொன்னால் பொறுப்பு முதல்வர் விட்டத்தைப் பார்க்கிறார். நிரந்தர முதல்வர் என்று ஒருவர் இருந்து எத்தனை காலமாயிற்று என்பதே யாருக்கும் நினைவில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தங்கபாண்டி, நம் தென்காசிப் பக்கத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இரண்டாம் வருஷம் படிக்கிறார். டிப்ளமோ கிடைத்தால் சூப்பர்வைசர் ஆகலாம். "டீச்சர், எங்களுக்கு இனி கிளாஸ் உண்டா இல்லியா?" என்று தினமும் கேட்கிறார்.

நடந்த கூத்தைக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப்பில் நவராத்திரிக்கு மெஷின்களைப் பூஜைக்கு வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சந்தனம் பூசித் துணி போட்டு மூடிவிட்டால் விஜயதசமி காலையில்தான் தொடலாம். இந்த வருஷம் எல்லோருக்கும் ஊருக்குப் போகிற அவசரம், சாயங்காலம் வைக்க வேண்டியதை மத்தியானமே வைத்துவிட்டார்கள். மாலை வகுப்பு தேவையா என்று பார்க்க லீவு முடிந்து வருவதாகச் சொன்ன ஆய்வுக் குழு அன்று பார்த்து வந்து நின்றது. ஒரு லேத்தை ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். ஒர்க்‌ஷாப் சூப்பிரண்டு விஜய்குமார் கையைக் கட்டிக்கொண்டு, "விஜயதசமி கழியட்டும் சார்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சும்மா இல்லை. மெயின் சுவிட்ச் சாவி அட்டெண்டர் யோசுவாவிடம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன், அவராவது போடுவார் என்று பார்த்தால், "பூஜைக்கு வெச்சதத் தொடக்கூடாது டீச்சரே, மாலை வாங்கினதே நானாக்கும்" என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழுத் தலைவர் கோபப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சந்தனம் இட்டுக்கொண்டு, அவலும் பொரியும் வாங்கித் தின்றார். தங்கள் வீட்டிலும் இதே வழக்கம்தான் என்று தலையாட்டினார். விஜய்குமார் குளிர்ந்து போனார். அறிக்கை வந்தபோது பார்த்தால், மெஷின்கள் துணி மூடிக் கிடக்கின்றன, பயன்பாட்டில் இல்லை, மாலை வகுப்பு தேவையில்லை என்று இருக்கிறது. விஜய்குமாரோ, எல்லாம் பகவான் பார்த்துக்கொள்வார் என்கிறார்.

பொன்விழா மலருக்குக் கல்லூரி வரலாறு எழுதும் வேலையையும் போன வருஷம் என் தலையில்தானே கட்டினார்கள்! கரமனையில் வாடகைக் கட்டடத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் மட்டுமாகத் தொடங்கியது, பஸ் டிப்போ ஆட்களும் குடிநீர்க் குழாய் வேலைக்காரர்களும் கூட்டமாக வந்து கேட்டதால் மாலை வகுப்பு பிறந்தது என்றெல்லாம் விசாரித்து எழுதினேன். அச்சில் வந்தது முதல்வர்களின் போட்டோ வரிசை. மாலை வகுப்புக்கு அரை வரி. இன்றைக்கு அந்த அரை வரியும் ஆபத்தில் இருக்கிறது.

மறுபடி பார்க்கச் சொல்லி மேலிடத்துக்கு மனு கொடுத்தோம். மாலை வகுப்பில் படித்து நல்ல நிலையில் இருப்பவர்கள் தங்கள் பெயரோடும் பதவியோடும் எழுதிக் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்தது. நான் ஏறாத படி இல்லை. பேரூர்க்கடையில் பெரிய கான்ட்ராக்டராக இருக்கும் ஷைஜு காப்பி கொடுத்து உபசரித்தார். கடைசியில், "பாலிடெக்னிக்னு போட்டா மதி, அது போதும் டீச்சர், ஈவினிங்னு எழுத வேண்டா" என்றார். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம். மற்றவர்களும் ஏறக்குறைய இதேதான். படிக்கும்போது இனித்தது, சொல்லும்போது கசக்கிறது.

ஊராரைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உங்கள் நினைவு வந்தது. பகலெல்லாம் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கம்பி சுமந்து, இரவில் அந்த வகுப்பில் தூக்கத்தோடு மல்லுக்கட்டிப் படித்தவர் நீங்கள். கம்பெனிக்குக் கொடுத்தது அந்த டிப்ளமோதான், அதில் பொய் இல்லை. ஆனால் கூட்டாளிகளிடம் நாகர்கோவில் இன்ஜினியரிங் கல்லூரி என்று சொல்லி வைத்தீர்கள், ஆர்ஷாவிடமும் அதையே சொன்னீர்கள். மலரில் பெயர் போட வேண்டாம் என்றீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டு எடுத்துவிட்டேன்.

அந்த மனுவோடு வைக்க உங்கள் கடிதம் வேண்டும். இதை என் வேலைக்காகக் கேட்கவில்லை. வடகோடி காசர்கோட்டுக்குத் தூக்கியடித்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போவேன். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேரட்டுமா என்று ஆர்ஷா கேட்டதற்கு, அதெல்லாம் நமக்கு எதற்கு என்று சொன்னீர்களாமே? அம்மா வேலை பார்க்கிற இடம் அவ்வளவு மட்டமா என்று என்னிடம் வந்து கேட்டாள். நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை அது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முன் கடிதம் இங்கே வர வேண்டும். உங்கள் கையெழுத்தில், மாலை வகுப்பு என்று தெளிவாகப் போட்டு எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் போனில் ஆர்ஷாவுக்கு ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள். நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். பத்மநாபசுவாமி உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
உலகம்மை