அந்த டாக்டர் கட்டாயம் வரணும்

ஏங்க, நீங்க ஒரகடத்துல ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப நான் ஏர்போர்ட்ல இருப்பேன். காரக்குழம்பு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

போன வருஷம் ஆப்பிரிக்காவுல, மலாவியில, சர்ச் மெடிக்கல் கேம்ப்ல, எல்லாரும் என்னை டாக்டர்னே கூப்பிட்டாங்க. வெறும் கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் நர்ஸுதான்னு நானும் சொல்லலை. கடைசி நாள் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டேன். மறுநாள் காலையிலேயே கிளம்பிட்டோம்.

இப்ப அந்த ஊர்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. அந்த டாக்டர் கட்டாயம் வரணும், குழந்தையோட அப்பா அவங்களை நேர்ல பார்க்கணுமாம். குழந்தை எப்படி இருக்குன்னு ஒரு வரி இல்லை. பாஸ்டர் அதை ஆண்டவர் குணமாக்கினதுக்குச் சாட்சின்னு வாசிச்சார், சபையே ஸ்தோத்திரம் சொல்லுச்சு. நான் அங்கதான் போறேன்.

பெனிட்டா

பி.கு. "நீ இன்னா டாக்டரா"ன்னு நேத்து கேட்டீங்களே, அதுக்குத்தான் அவ்ளோ கத்தினேன். அந்த கேம்ப்ல போட்டிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்துட்டுப் போகலை. கதவுக்குப் பின்னால தொங்குது.