எடைக்குப் போட்ட வைரக்கத்தி

நெய்வேலி
24.9.2017

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது, என் மானம் மட்டும்தான் ஜூலைக் கடைசியிலிருந்து படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே ஓயாத மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் கதையை ஆரம்பிக்கும்போதே உன் அம்மா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிவைச் சொல்லிவிடுகிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே மாதத்தின் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எந்த பிளாக்குக்குப் போனாலும் ஒரு ஷாமியானா, ரிடையர் ஆனவரை மாலையும் மேளமுமாக வேனில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கி, மைக்கில் நாலு பேர் புகழ்ந்து, லட்டும் மிக்சரும் காபியும் கொடுப்பார்கள். அழைப்பு எல்லாம் வேண்டாம், வெள்ளைச் சட்டை இருந்தால் போதும். அப்படித்தான் ஜூலைக் கடைசியில் சிங்காரவேல் என்பவர் வீட்டுக்கு நான் போனேன். அவரை எனக்கு முன்பின் தெரியாது, யூனியன் போர்டில் பெயரைப் பார்த்ததோடு சரி. என் சட்டைக்கு அன்று கஞ்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது, யாரோ என்னை யூனியன் தலைவர் என்று நினைத்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தால் சும்மா இருப்பேனா. அண்ணன் சிங்காரவேலும் நானும் சுரங்கத்தின் அடி ஆழத்தில் தோளோடு தோள் நின்று கரித் தூசியைத் தின்றவர்கள் என்று ஆரம்பித்து, ஒரு முறை மழைத் தண்ணீர் புகுந்தபோது அவர் என் கையைப் பிடித்து மேலே இழுத்தது வரை பேசினேன். கூட்டம் கப்சிப் என்று கேட்டது, நானும் உருகிக் கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இறங்கி வந்த பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் என் காதில், "அவரு பார்க்குல செடி வெட்றவருங்க, மைன்ஸ் பக்கமே வந்ததில்ல" என்றார். சிங்காரவேல் மட்டும் மாலைக்குள்ளிருந்து கை கூப்பி, நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், நல்ல மனிதர்.

தெரியாத வீட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்பாய். எல்லாம் காமிக்ஸ் வேலைதான். எங்கள் செக்‌ஷன் ராஜேந்திரன் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டான், பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்கள் குரூப். ஒரு நாள் குள்ளஞ்சாவடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பழைய பேப்பர் கடையில் வேர்க்கடலைக்குப் பொட்டலம் கிழிக்க வைத்திருந்த கட்டில் ஒரு காமிக்ஸைப் பார்த்து, டீ விலைக்கு வாங்கிக் குரூப்பில் போட்டோ போட்டேன். ஊர் ஊராக எனக்குக் கும்பிடு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனை அதற்கு முன் யாரும் எதற்கும் அப்படிக் கும்பிட்டதில்லை, அன்றைக்கு ஏறியதுதான், இன்னும் முழுசாக இறங்கவில்லை. குரூப்பில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி போலவே இருக்கும். முதுகு வெடிப்பு, பின்னில் துரு, ஓரத்தில் மடிப்பு, ஈர வாடை என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு நோய் சொல்வார்கள். அட்மின் சங்கரலிங்கம் என்று ஒருவர், புத்தகத்தை முகர்ந்தே எந்த வருஷம் அச்சடித்தது என்று சொல்வாராம். ஒரே ஒரு விதிதான் அங்கே, வாங்கிய புத்தகத்தை யாரும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் விலை போய்விடும். ஆகவே நானும் கவர் போட்டு, அந்துருண்டை போட்டு, உன் அம்மாவின் பட்டுப்புடவைகளை இடம் மாற்றி பீரோவில் அடுக்கி வைத்தேன், ஒன்றைக்கூடப் படித்ததில்லை. உன் அம்மாவோ குக்கர் விசில் வரும் வரை சும்மா இருப்பானேன் என்று ஒவ்வொன்றாக உருவி, சாம்பார் கையோடு எச்சில் தொட்டுப் புரட்டி, அத்தனையும் படித்து முடித்துவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டால், "வேலையால ஒரு ஷிப்டுதான் தூக்கம் கெட்டுச்சு, இந்தக் குப்பையால இப்ப மூணு ஷிப்டும் கெடுது, அத நானாச்சும் படிக்கறேன் விடுங்க" என்கிறாள்.

குள்ளஞ்சாவடியில் கிடைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி உட்காரக் கூடாது என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ரிடையர் ஆனவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தே ஆக வேண்டும், காலி செய்தால் பரணை இறக்க வேண்டும், பரணை இறக்கினால் பிள்ளைகள் எப்போதோ படித்துப் போட்ட காமிக்ஸ் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். எனவே மாதக் கடைசியில் லட்டு, அடுத்த வாரம் விசாரிப்பு. அதிலும் ஒரு முகம் வேண்டும் வெண்மதி. போனவுடன் காமிக்ஸ் என்று கேட்டால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பழைய பேப்பர் இருக்கா, ஓட்டை அலுமினியம் இருக்கா என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, கடைசியில் காமிக்ஸ் கட்டைக் காலால் தள்ளி, இதையும் போட்டுடுங்க, உங்களுக்கும் இடம் ஆகும் என்று பாவம் பார்ப்பது போலச் சொல்ல வேண்டும். மாட்டுத் தரகர்கள்கூட என்னிடம் வந்து கற்றுக்கொள்ளலாம்.

சிங்காரவேல் வீட்டில் அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன், மைக் விஷயத்துக்குப் பிறகு அவர் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை. அவர் மனைவி கஸ்தூரியம்மாள்தான் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பழைய பேப்பர்காரன் என்றே நினைத்துவிட்டார், நானும் திருத்தவில்லை. "எல்லாம் எங்க பையன் அருண்ராஜ் படிச்சதுங்க, கனடாவுல கீறான். என்னாடா பண்றது இதுங்களனு கேட்டா, குப்பதாம்மா, தூக்கிப் போட்டுடுங்கறான். அவனே சொல்லிட்டான், நான் எதுக்கு மூட்ட கட்டிக்கினு திருவதிகைக்குத் தூக்கிக்கினு போவணும், எடுத்துக்கினு போங்க" என்றார். எடைக்குத்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தால் உள்ளே 'வைரக்கத்தி வில்சன்' முதல் புத்தகம் இருக்கிறது. குரூப்பில் பாதிப் பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை, மீதிப் பேர் கண்டதாகப் பொய் சொல்பவர்கள். உடனே அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். விலை ஏறிக்கொண்டே போனது. வடக்குத்தில் நாம் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் இன்னும் பூசாத சுவருக்கெல்லாம் நான் மனதுக்குள்ளேயே பெயின்ட் அடித்துவிட்டேன்.

எல்லாரையும் தாண்டி ஒருவர் விலை ஏற்றிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் ஓய்ந்த பிறகு எனக்குத் தனியாக, ஏழாம் பக்கத்தில் போலீஸ்காரருக்குப் பேனாவால் மீசை வரைந்து, பக்கத்தில் எங்க அப்பா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் சார் என்று மெசேஜ் அனுப்பினார். பிரித்தால் விலை போய்விடுமே என்று நான் கவரைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "இருக்கு இருக்கு, பெரிய மீசை, நான் அன்னைக்கே பாத்தேன்" என்றாள். கடைசியில் அந்த ஆள் யார் என்றால், கஸ்தூரியம்மாளின் மகன் அருண்ராஜ். தன் புத்தகத்தைத் தானே ஏலம் கேட்கிறான். உங்க அம்மாவையே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாமே தம்பி என்றேன். "நான்தான் சார் தூக்கிப் போடச் சொன்னேன். வயசான காலத்துல வீடு மாத்தறாங்க, என் சுமையும் எதுக்குன்னு. சொல்லிட்டு போன வெச்ச அன்னையிலேர்ந்து அது ஞாபகமாவே இருக்கு. இப்ப போய் எப்படி கேக்கறது, விலைய மட்டும் சொல்லுங்க" என்றான்.

இவ்வளவு நல்ல கிராக்கி எனக்கு இனிமேல் வரவே வராது. சொல்கிற விலையைக் கொடுப்பான், எங்கே வாங்கினாய் என்று கேட்கமாட்டான், முதுகு வெடிப்பு பார்க்கமாட்டான். இரண்டு நாள் நானும் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா சோறு போடும்போது, "வித்துட்டு அந்தக் காசுல என்னா வாங்குவீங்க, இன்னொரு வூட்டுப் புள்ளையோட புக்கா" என்று கேட்டாள். ரசம் ஊற்றிவிட்டுப் போய்விட்டாள், பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மறுநாள் மொத்தக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு, அவர்கள் குடிபோன திருவதிகைக்குப் பஸ் ஏறினேன். அருண்ராஜுக்கு, தம்பி, புத்தகம் விற்பனைக்கு இல்லை, உங்கள் அம்மாவிடம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் அனுப்பினேன்.

வாசலிலேயே சிங்காரவேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று உள்ளே பார்த்து, "கஸ்தூரி, சுரங்கத்துல என்னோட தோளோட தோளு நின்னவரு வந்துக்கீறாரு, காப்பி போடு" என்றார். அந்த அம்மாள் எட்டிப் பார்த்து, "அட, இவரு பேப்பர்காரருங்க" என்றார். இரண்டுமே நான்தான் என்று ஒப்புக்கொண்டு காபி குடித்தேன். கட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவருக்குச் சந்தேகம், "எடைக்கு வாங்குன பேப்பர திருப்பிக் குடுக்கற ஆள இப்பத்தான் பாக்கறேன், உள்ள எதுனா கள்ள நோட்டு வெச்சிக்கீறீங்களா" என்றார். உங்கள் பையன்தான் கேட்கிறான் என்று சொல்லி, போனைக் காட்டி, ஏழாம் பக்கத்தைப் பிரித்து வைத்தேன். சிங்காரவேல் அந்த மீசையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எனக்கு எப்ப இவ்ளோ பெரிய மீச இருந்துது" என்று மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் முந்தானையால் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையை அப்படித் துடைக்கக் கூடாது, பளபளப்பு போய்விடும், ஆனாலும் சொல்லவில்லை.

குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். வைரக்கத்தியை எடைக்கு வாங்கி, எடைக் காசுகூட வாங்காமல் திருப்பிக் கொடுத்தவன் குரூப்புக்கே களங்கம் என்று சங்கரலிங்கம் எழுதினார். இப்போது சிங்காரவேல் எனக்கு அடிக்கடி போன் செய்கிறார். பையன் முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு தரம் பேசுவானாம், இப்போது தினமும் பேசுகிறானாம், புத்தகத்தில் வெயில் படுகிறதா, கரையான் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அப்படியே அம்மாவின் கால் வலி எப்படி என்றும் கேட்கிறானாம். பொங்கலுக்கு டிக்கெட் பார்க்கிறேன் என்றிருக்கிறான். பார்த்தால்தான் நிஜம்.

இனி நம் கதை. வரும் பிப்ரவரியோடு எனக்கும் சர்வீஸ் முடிகிறது, அதற்குப் பிறகு இந்த வீட்டையும் காலி செய்ய வேண்டும். என் ஷாமியானாவிலும் தெரியாதவன் எவனோ வந்து பேசுவான், பேசட்டும், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். பரணில் மற்றதையெல்லாம் இறக்கியாகிவிட்டது, உன்னுடைய பச்சைத் தகரப் பெட்டி ஒன்றுதான் மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றிக் கேட்டதற்கு, அதுல ஒண்ணுமில்லப்பா, தூக்கிப் போட்டுடுங்க என்றாய். நான் சரிம்மா என்றேன். பூட்டில் துரு ஏறியிருந்தது, எண்ணெய் விட்டிருக்கிறேன், திறக்கவில்லை. வடக்குத்து வீட்டு மேஸ்திரி பரணே வைக்காமல் கட்டியிருந்தார், "இப்பல்லாம் யாருங்க பரண் வெக்கறாங்க" என்று கேட்டார். வைங்க என்றேன், காமிக்ஸ் இருக்கு என்று காரணம் சொன்னேன். மிச்சமிருக்கும் காமிக்ஸ் உன் அம்மாவின் தலையணைக்கு அடியிலேயே அடங்கிவிடும்.

மழையில் நனைந்த ஷூவோடு நாள் முழுக்க வார்டில் நிற்காதே, மாற்று ஜோடி ஒன்று வைத்துக்கொள். நைட் டியூட்டி முடித்து வந்தால் காபியோடு நிறுத்திவிடாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படு. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அம்மாவின் கண்ணாடிச் சீட்டை உனக்கு அனுப்பச் சொன்னாயே, அனுப்பிவிட்டேன், பார்த்துச் சொல்ல மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், கை நிறைய வேலையும் மனம் நிறையச் சிரிப்புமாக நீண்ட காலம் வாழ வேண்டும்.

உன் அன்பு அப்பா
ப. பழனிவேல்
(திருவதிகையில் பேப்பர்காரர்)

பி.கு: ஞாயிற்றுக்கிழமை சரிம்மா என்றதற்குப் பிறகு இன்னொன்று வாய்வரை வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள், நீயும் டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாய், வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியை நீயே வந்து தூக்கிப் போட்டுவிட்டுப் போம்மா.