அச்சில் வந்த பெயர்

லங்காஷயர்,
14 அக்டோபர் 1951

அன்புத் தம்பி எம்லினுக்கு,

முதலில் என்னை ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டு, பிறகு இதைப் படி.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தது தப்புதான். காசு வாங்காமல் ரக்பி ஆடுவதுதான் மானம் என்கிற நம் ஊரில், காசுக்கு ஆட வடக்கே போகிறேன் என்று வாய் திறந்து சொல்ல முடியுமா? கொலை செய்தேன் என்றால்கூட உட்காரவைத்து டீ கொடுப்பார்கள். வடக்கே போனவன் என்றால் கதவைச் சாத்துவார்கள். ஆனாலும் இங்கே காசு கொடுக்கிற லீக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினாலு வயதில் இறங்கிய நிலக்கரிச் சுரங்கத்தில் இனி இறங்க வேண்டாம்.

ஆலரன்ஷா என்ற அம்மாள் வீட்டில் தங்கியிருக்கிறேன். மூன்று தட்டு சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, வேல்ஸ்ல சோறே போட மாட்டாங்களா?" என்கிறாள். நல்ல மனுஷி, சமையலில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்.

டிசம்பரில் வேல்ஸ் அணித் தேர்வு ஆட்டத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்களாமே! நம் வீட்டில் நிஜமான ஆட்டக்காரன் நீதான். வேல்ஸ் அணியின் அந்தச் சிவப்புச் சட்டையோடு ஒரு படம் அனுப்பு. அம்மாவைச் சமாதானப்படுத்து.

உன் அண்ணன்
ஹைடன்


கும்நாண்ட்,
9 நவம்பர் 1951

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

நம் கிளப் செயலாளர் பியூ ஒரு வடக்குப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செப்டம்பர் 8ஆம் தேதி உங்கள் கிளப்பில் புது ஆட்களை வைத்துச் சோதனை ஆட்டம் நடந்ததாம். பட்டியலில் "எம்லின் பிராசர், வேல்ஸ்" என்று என் பெயரைப் போட்டிருக்கிறது. நான் போகவே இல்லை என்று தலையால் அடித்துக்கொண்டேன். "அண்ணனும் தம்பியும் சேர்ந்துதானே போனீங்க? அவன் தேறினான், நீ தேறல. அச்சுல வந்ததை இல்லேங்கறியா?" என்கிறார்.

விதி உனக்குத் தெரியும். லீக்கில் ஒரே ஒரு நாள் ஆடினாலும் ஆயுள் தடை. தேர்வு ஆட்டத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளப் வாசலில்கூட நிற்கக் கூடாதாம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு நெஸ்டாவோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். அது உன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவள் அப்பா சபை மூப்பர். அவள் பெயரை இழுத்து நான் தப்பிக்க மாட்டேன்.

நீ அங்கேயே இருக்கிறாய். அன்று ஆடியது யார் என்று உங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு வரி எழுதி வாங்கி அனுப்பு, அண்ணா. டிசம்பர் 15க்குள் வந்தால் மறுபடி விசாரிப்பதாகக் கமிட்டி சொல்கிறது. உன்னை விட்டால் எனக்கு யார்?

எம்லின்


லங்காஷயர்,
12 டிசம்பர் 1951

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மேனேஜருக்கு உடம்பு சரியில்லை. பழைய பட்டியல் எங்கே என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பத்திரிகைக்காரன் ஏதோ உளறியிருப்பான். கிறிஸ்துமஸ் கழியட்டும், நானே நின்று கேட்கிறேன்.

போன சனிக்கிழமை இரண்டு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தேன். கூட்டம் என் பெயரைச் சொல்லிக் கத்தியது. உனக்கு எழுதும்போது அதைப் பெருமையாக எழுத வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

அம்மாவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

ஹைடன்


கும்நாண்ட்,
20 ஜனவரி 1952

அன்புள்ள அண்ணனுக்கு,

தேர்வு ஆட்டம் முடிந்துவிட்டது. என் இடத்தில் வேறொருவன் ஆடினான். நல்ல பையன், பந்தை மட்டும் கொஞ்சம் தாமதமாக விடுகிறான்.

இப்போதெல்லாம் நம் மைதானத்து வேலிக்கு வெளியே நின்றுதான் ஆட்டம் பார்க்கிறேன். போன வாரம் மழை. பியூவின் மனைவி வேலிக்கு மேலே ஒரு கோப்பை டீ நீட்டினாள். "உள்ளதான் விட மாட்டாங்க, டீ குடிக்கக் கூடாதுன்னு விதி இல்லியே" என்றாள். குடித்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் அழுகை வந்தது.

மே மாதம் எனக்கும் நெஸ்டாவுக்கும் கல்யாணம். நீ மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும்.

அண்ணா, எனக்கு எழுத வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

எம்லின்


யார்க்‌ஷயர்,
6 மார்ச் 1955

அன்புத் தம்பிக்கு,

கல்யாணத்துக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நீ கேட்பதையும் விட்டுவிட்டாய். அதுதான் அதிகமாக உறுத்துகிறது.

மலைக்கு இந்தப் பக்கத்துக் கிளப்புக்கு என்னை விற்றுவிட்டார்கள். பத்திரிகையில் படித்திருப்பாய். எங்கள் கேப்டனையே, உடை மாற்றும் அறையில் வைத்து, அடித்துவிட்டேன். ஆறு ஆட்டத்துக்குத் தடை. குடித்திருந்தேன் என்று போட்டிருக்கிறார்கள், அதுவும் நிஜம்தான். ஏன் அடித்தேன் என்று யாரும் போடவில்லை. வேல்ஸிலிருந்து வந்த யாரோ அவனிடம் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நல்ல பிராசர் ஊர்லயே தங்கிட்டானாம்டா. நமக்கு வந்து சேர்ந்தது கழிசல்" என்றான்.

அவன் சொன்னது பொய் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

தாடை ஒருமுறை உடைந்தது. இப்போது முழங்காலும் தகராறு. நீ கவலைப்படாதே. நெஸ்டாவை விசாரித்ததாகச் சொல்.

ஹைடன்


யார்க்‌ஷயர்,
22 செப்டம்பர் 1957

எம்லின்,

முழங்காலைக் கீறித் தைத்துவிட்டு, இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதினோரு நாளாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன். போன வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அன்று ஆடியது நான்தான்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு ஆள் வந்து, "பேர் என்னப்பா?" என்றான். என் பெயர் அச்சில் வந்து, நான் தேறாமலும் போய்விட்டால் ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு ஆடுவது என்று பயம். வாயில் உன் பெயர் வந்தது. சின்ன வயதில் ஜன்னல் உடைந்தாலும் உன் பெயரைத்தானே சொல்வேன், அதே வாய். தேறிய பிறகு கையெழுத்து மட்டும் என் சொந்தப் பெயரில் போட்டேன். அது பத்திரிகைக்குப் போகும், அந்த நாளில் எங்கே இருந்தாய் என்று உன்னால் சொல்லவும் முடியாது என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

ஆனால் உன் கடிதம் வந்தபோது எல்லாம் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் ஏற்கெனவே வடக்கே வந்துவிட்டவன். உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு காசு நஷ்டமில்லை. எனக்குத் தண்டனை தர யாராலும் முடியாது. நீ என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும், அவ்வளவுதான். அதற்காக உன் சிவப்புச் சட்டையைப் பறித்துப் புதைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, தம்பி. அம்மா பெற்ற பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

கமிட்டிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டேன்.

ஹைடன்


கும்நாண்ட்,
1 அக்டோபர் 1957

அண்ணனுக்கு,

கமிட்டிக்கு எழுதியது முதலில் வந்தது, எனக்கு எழுதியது பிறகு வந்தது. பியூ அதைக் கிளப்பில் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். அம்மா ரொட்டிக் கடையில் நின்றபோது ஒருத்தி போய், "மூத்தவன்தான் இளையவன் பேர்ல ஆடினானாமே, உங்களுக்குத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

எனக்கு இது பழைய சங்கதி. பியூ காட்டிய பத்திரிகையிலேயே, அந்த பிராசர் ஆட்டம் முழுக்கச் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தான் என்று வேடிக்கையாக எழுதியிருந்தது. உலகத்தில் அப்படி ஆடுகிறவன் ஒருத்தன்தான். அம்மா உனக்கு எத்தனை காலர் தைத்திருக்கிறாள்! அந்த நிமிஷமே உன் பெயரைச் சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அதை நீயே சொல்ல வேண்டும் என்றுதான் ஒரு வரி கேட்டேன். உன் ஒவ்வொரு கடிதத்தையும் அதற்காகத்தான் பிரித்தேன்.

பிறகு விட்டுவிட்டேன். பத்திரிகைக்காரன் தப்பு, பத்திரிகைக்காரன் தப்பு என்று அம்மாவை ஆறு வருஷம் நம்ப வைத்திருந்தேன். அன்றைக்கு என் பெயரைச் சொல்லும்போது என்னைக் கேட்கவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்லும்போதும் என்னைக் கேட்கவில்லை. உன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி அம்மா தலையில் வைத்துவிட்டாய். கோபமா என்றால், ஆமாம், கோபம்தான். நெஸ்டாவுக்குக்கூடக் காட்டாத கோபம்.

தடையை நீக்கிவிட்டார்கள். முப்பது வயதில் இரண்டாம் அணியில் இடம் தருகிறார்களாம். பியூ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

அம்மா மூன்று நாளாக ரொட்டிக் கடைப் பக்கமே போகவில்லை. நேற்று உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டே, "எழுதறதெல்லாம் நல்லாத்தான் எழுதறான். என் முன்னாடி வந்து நின்னு சொல்லச் சொல்லு" என்றாள்.

சனிக்கிழமை மத்தியான ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நான் வருவேன். கை குலுக்குவேன் என்று எதிர்பார்க்காதே. கடைத்தெரு வழியாக, ஊர் பார்க்க, இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போவோம். முழங்கால் வலித்தால் சொல், மெதுவாக நடக்கலாம்.

இதற்குப் பதில் எழுதாதே.

எம்லின்