தமா என்று கேட்டார்கள்

சேசு மரி சூசை துணை
கடக்வாஸ்லா, புனே
12.8.2006

அன்பு மகள் ஜான்சிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி சுனிலும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம், சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. நீ அந்த லண்டன் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது, நீ இல்லாதது எல்லோர் கண்ணிலும் பட்டது. நீ மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வேலையையே விடப்போவதாகச் சுனில் சொன்னான். தோள் ஆபரேஷனுக்கு முழு மயக்கத்தைவிடக் கழுத்தில் ஊசி போட்டுத் தோளை மரத்துப்போக வைப்பதே நல்லது என்று நீதானே அப்பாவுக்குப் போனில் சொன்னாய், அதனால் எனக்கு உன் மேல் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அதனால்தான் போனுக்கு வரவில்லை.

ஆனால் நடந்தது என்ன என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஊசி போட்ட டாக்டரே வீட்டுக்கு வந்திருந்தார், சின்ன வயசுதான். அந்த ஊசி கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்து மூச்சையும் அடக்குமாம், மறுபக்கத்து நுரையீரல் சமாளித்துக்கொள்ளுமாம். நம் அப்பாவுக்கு அந்த மறுபக்கம் டி.பி.யில் சுருங்கிப்போனதாயிற்றே, அதனால்தான் மேசையிலேயே மூச்சு நின்றுபோனது. ஊசிக்கு முன்னால் "தமா ஹை க்யா" என்று டாக்டர் இந்தியில் மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தது ஃபேக்டரி கேட்டில் பீடி இழுக்கிற தம் ஒன்றுதான். சிரித்துக்கொண்டே "சோட் தியா சாப்", விட்டுட்டேன் சார் என்றாராம். நோய் விட்டுப்போனதைத்தான் மதராசி இந்தியில் இப்படிச் சொல்கிறார் என்று டாக்டரும் நினைத்துவிட்டார். பாவி மனுஷன், பீடியை விட்ட பெருமையைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார்.

தமிழில் எப்படிக் கேட்பது என்று டாக்டர் என்னிடம் கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். "மாடி ஏறினா மூச்சு வாங்குதா" என்று என் முகத்தைப் பார்த்து அவர் சொல்லிப் பார்த்தபோது, என்னை அறியாமல் அப்பாவுக்குப் பதிலாக "ஆமா சார், வாங்கும்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். டீ போட்டுக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய.

நீ வேலையை விடாதே. ஸ்கேனில் நரம்பைப் பார்த்துக்கொண்டே மருந்தைக் குறைத்துப் போட அங்கே பழகுகிறார்கள் என்று நீயே சொன்னாய் அல்லவா, அதை நன்றாகக் கற்றுக்கொள். மாதா உன் கைக்குத் துணையிருப்பாள். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. யாருக்கு ஊசி போட்டாலும் முதலில் அவர் பாஷையில் மூச்சைப் பற்றிக் கேள். சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் இன்னொரு தரம் கேள்.

உன் அம்மா,
அந்தோணியம்மாள்