அப்பா விழும் காட்சி

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேற்கு மாம்பலம் முழுக்க கரண்ட் இல்லை.
நூலகப் புத்தகம் புதுப்பிக்க. உயிரியல், பாடம் 2. அப்பாவுக்கு வலி மாத்திரை.

வகுப்பில் அந்த இரண்டு போலீஸ் படம்தான் பேச்சு. வெள்ளியன்று வெளியீடு. ஒல்லி இன்ஸ்பெக்டர், குண்டு ஏட்டு. இருவருக்கும் ஒத்தே போகாது, ஆனால் சேர்ந்துதான் திருடனைத் துரத்த வேண்டும். திவ்யா டிரெய்லரை அப்படியே நடித்துக் காட்டினாள். ஒல்லிக்கு டூப் போட்டவர் என் அப்பா என்று நான் சொல்லவில்லை. குண்டுக்கு டூப் ஜிலானி மாமா (இனி ஜி.மா.). நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சண்டைக் காட்சிகளில் அப்பாவின் ஜோடி. அவர் ஓயாமல் பேசுவார், அப்பா வாயே திறக்க மாட்டார். போன தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 11, புதன்

மாலை ஜி.மா. மாம்பழத்தோடு வந்தார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, நடைதான் இன்னும் கூடவில்லை. ஆடி கழிந்ததும் வேலைக்குப் போவேன் என்கிறார். நாங்களும் சரி என்கிறோம்.

மாமா வாசலிலேயே நின்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில்: "அந்த ஷாட்ட வெட்டல அண்ணி. அப்டியே வச்சிக்கினாங்க. நைனாவ படத்துக்கு இட்டுக்கினு போயிடாதீங்க." அப்பாவை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஷாட் என்றால் போன தீபாவளி சமயம் அப்பா அடிபட்டது. மாடியிலிருந்து குதிக்க வேண்டும். இடுப்புக் கயிற்றின் மறுமுனை, கீழே ஓரமாக நின்ற ஜி.மா. கையில். கயிற்றைத் திரும்பிப் பார்க்காமல் குதிப்பது அவர்கள் வழக்கம். பார்த்தால், பிடிப்பவனை நம்பவில்லை என்று அர்த்தம். அப்பா பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே நின்ற ஏட்டு நடிகர், ஒத்திகையில் இல்லாத ஒரு வசனத்தை எடுத்து விட்டார். யூனிட்டே சிரித்தது. மாமாவும் சிரித்தார். பிடி நழுவியது.

அப்பா ஒரே ஒருமுறை சொன்னார்: "நான் வுழுறேன், அவன் சிரிச்சிக்கினு நிக்கிறான்." அதன்பின் கண் விழித்தது மருத்துவமனையில். நடுவில் நடந்ததைச் சொல்ல யார் வந்தாலும் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்.

ஜூன் 12, வியாழன்

மாம்பழம் தொடப்படவில்லை. ஒன்று அழுகல்.

மாமா சொன்னது அப்பா காதிலும் விழுந்திருக்கிறது. படம் பார்க்கணும் என்கிறார். அம்மா முடியாது என்றாள்.

"என் இடுப்பு ஒடிஞ்சத ஊரே பாக்கப்போவுது. நான் மட்டும் பாக்கக் கூடாதா?"

அம்மா அரிசி களைந்துகொண்டே அழுதாள். நான் படிப்பதுபோல் இருந்தேன். ஒரே பக்கம், நெடுநேரம்.

ஜூன் 14, சனி

வடபழனி. காலைக் காட்சி. அப்பாவும் நானும். படிக்குப் படி நின்று ஏறினோம். டிக்கெட் கிழிப்பவர், "மெதுவா வா பெரியவரே." அப்பாவுக்கு இன்னும் நரைகூட இல்லை.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு இடத்தில் நானும் சிரித்துவிட்டேன். உடனே வெட்கம்.

இடைவேளைக்குப் பிறகு அது. அப்பாவின் முகம் தெரியவில்லை, காக்கி முதுகு மட்டும். விழுந்தார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னைச் சிந்திக்கொண்டார்.

அதோடு முடியவில்லை. இன்னொரு காக்கி முதுகு ஓடி வந்தது. அகலமான முதுகு. அடுத்த ஷாட்டுக்காக ஏட்டு உடையில் இருந்த ஜி.மா. தடுக்கி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. முட்டி போட்டுத் தவழ்ந்தே வந்து, அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்து, தன் தலையில் மாறி மாறி அடித்துக்கொண்டார். அதற்கு பீப்பீ இசை வேறு. இதற்குத்தான் இன்னும் பெரிய சிரிப்பு. பின்வரிசையில் விசில்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அது ஜிலானிதானே?"

ஆமாம்பா என்றேன்.

கடைசியில் திரையில் அந்த இரண்டு போலீசும் கட்டிப்பிடித்தபோது அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

மழை வருவதுபோல் இருட்டி, வரவில்லை. நாளை உயிரியல் டெஸ்ட்.

மாமாவுக்கு போன் போடு என்றார் அப்பா. ஸ்பீக்கரில் போட்டேன். "நைனா" என்றார் மாமா.

"நீ ஓடியாந்தத பாத்தேன்" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"இனிமே யாருக்கும் கயிறு புடிக்காத ஜிலானி."

"புடிக்கல நைனா."

"எனக்கும்."

"உனக்கு இன்னாத்துக்கு நைனா இனிமே கயிறு" என்று மாமா சொல்லிவிட்டார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். இவ்வளவு நாளும் இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தேன்.

அப்பா, "ஆமால்ல" என்றார். பிறகு, வீட்டுக்கு வா என்றார்.