பச்சைப் பெயிண்ட் காயும் வரை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். உள்ளே யார் எழுதினாலும் மேலே முகவரி எழுதுவது அப்பாவின் வேலை. என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், தபால்காரர் பாவம் என்பார். இந்தத் தடவை நான் எழுத வேண்டியதாகிவிட்டது. இந்தக் கடிதம் போவது அவருக்குத் தெரியாது.

போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். இருக்கிற ஒரே போனைப் பகலில் அவர் வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார், இரவில் இரண்டு அறை வீட்டில் எங்கே போய் நின்று பேசுவது? நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். நான் வாயைத் திறந்தால் கண்ணாலேயே மிரட்டுகிறார். நீயும், "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார்.

நான் சுகம். பள்ளிக்கூடச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது. மிஷின் பெல்ட் அறுந்து புதிதாகப் போட்டேன். குளியலறைக் கூரையின் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது, அப்பா ஏறி அடைப்பதாகச் சொல்லியிருந்தார். இப்போது அவரால் ஏற முடியாது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து நீயும் உன் ஆட்களும் அந்தத் தேசியத் தர விருதுக்கு விண்ணப்பம் போட்டாலும் போட்டீர்கள், இங்கே அப்பா வேலை பார்க்கிற தொழிற்சாலை கல்யாண வீடாகிவிட்டது. சுவருக்கு வெள்ளை, தரையில் மஞ்சள் கோடு, வாசலில் வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள். தாழ்ப்பாள் செய்கிற கம்பெனி, ஆனால் அதன் கழிப்பறைக்கு இவ்வளவு காலம் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமென்றால் பாடிக்கொண்டே உட்கார வேண்டும் என்று அப்பா சொல்வாரே, இப்போது அதற்கும் தாழ்ப்பாள் வந்துவிட்டது. நடுவர்கள் வந்து யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்பார்களாம். அதனால் கூட்டிப் பெருக்குகிற அம்மாள் வரை எல்லோருக்கும் மனப்பாடம். "எங்கள் தொலைநோக்கு, எங்கள் கொள்கை" என்று குளிக்கும்போதுகூட ஒப்பித்துக்கொண்டிருந்தார் உன் அப்பா. படிக்கிற காலத்தில் இப்படிப் படித்திருந்தால் கலெக்டராகியிருக்கலாம் என்றேன். சிரித்தார்.

அந்த விண்ணப்பத்தில் தொழிலாளர் நலம் பற்றிய பகுதியை நீதான் எழுதினாய் என்று சிரிப்பு மேனேஜர் இவரிடம் சொல்லிவிட்டார். இழவு வீட்டிலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாரே, அவரேதான். உன் பக்கத்தைப் பிரதி எடுத்து இவர் கையிலும் கொடுத்தார். இவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். அதில் ஒரு வரியை எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். "எங்கள் ஆலையில் விபத்து காரணமாக ஒரு தொழிலாளிகூட ஒரு நாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை." நான் துணி வெட்டிக்கொண்டிருந்தாலும் நிறுத்தச் சொல்லிப் படிப்பார். என் பையன் எழுதினது, என்ன அழகா எழுதியிருக்கான் பார் என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தகட்டை அழுத்தி வெட்டுகிற அப்பாவின் மிஷினுக்கு முன்னால் ஒரு கம்பிக் கதவு உண்டு, கை உள்ளே போகாமலிருக்க. அது துருப்பிடித்திருந்தது. நடுவர்கள் கண்ணில் பட்டால் அசிங்கம், பச்சைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று கழற்றிக்கொண்டு போனார்கள். எல்லா மிஷினிலும் கழற்றினார்களாம். பெயிண்ட் காயும்வரை மிஷினை நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆர்டர் இருக்கிறது, பார்த்து ஓட்டுங்கள் என்றார்களாம். இவரும் பார்த்துத்தான் ஓட்டினார். வெயிலில் சாய்த்து வைத்த கம்பிக் கதவு காய்வதற்குள் இவருடைய வலது கை உள்ளே போய்விட்டது.

நகம் பெயர்ந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னார் அல்லவா, அது பொய். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்கிவிட்டன. கட்டுப் பிரித்தபோது நான் பார்த்தேன். என் விரலில் எத்தனையோ தடவை ஊசி ஏறியிருக்கிறது, ரத்தம் எனக்குப் புதிதில்லை. அன்றைக்குக் கொல்லையில் போய் நின்று அழுதேன்.

அப்படிப்பட்ட கையோடு, அடிபட்ட மறுநாள் காலையிலேயே வேலைக்குக் கிளம்பினார். கம்பெனிக் காரே வாசலுக்கு வந்தது. இத்தனை வருடம் சைக்கிளில் போன மனுஷனுக்குக் கார்! மறுநாள் வேலைக்கு வந்துவிட்டால் அது விபத்தில்லையாம், சின்னக் காயமாம். வராவிட்டால்தான் விபத்தாம். வந்து ஸ்டோர் ரூமில் சும்மா உட்கார்ந்தால் போதும், கையெழுத்துகூட வேண்டாம் என்று சிரிப்பு மேனேஜர் வீட்டுக்கே வந்து சொன்னார். அதற்கும் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் இவரைக் கொண்டுபோய் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறார்கள். இந்தக் கணக்கு உனக்குத் தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை.

எதிர்வீட்டு நர்ஸ் பெண்தான் முதலில் கண்டுபிடித்தாள். கொடுத்த பாத்திரத்தைத் திரும்ப வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று, "அக்கா, இந்த வாடை சரியில்ல" என்றாள். அவள்தான் இழுத்துக்கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினாள். கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே படுத்தால் இரண்டு விரலோடு போகும், தள்ளிப்போட்டால் எதுவரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இவர் எழுந்து நின்று கும்பிடுகிறார், அடுத்த வாரம் வருகிறேன் டாக்டர் என்று. நடுவர்கள் அதற்குள் வந்துவிட்டுப் போய்விடுவார்களாம்.

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னார், "நான் ஒரு நாள் படுத்தா அவன் எழுதின வரி பொய்யாயிடும்டீ. அத்தனை பெரிய மனுஷங்க படிச்ச வரி அது." முதலாளிக்காகவோ மேனேஜருக்காகவோ என்றால் நான் பேசிச் சரிக்கட்டியிருப்பேன். இது உனக்காக என்கிறார், நான் என்ன பேச?

ஆகையால் நீதான் பேச வேண்டும். என் சொல் இந்த வீட்டில் அம்பலம் ஏறாது. நீ சொன்னால் கேட்பார். "அப்பா, அந்த வரி கிடக்கட்டும், நீங்க போய்ப் படுங்க." இவ்வளவுதான். நீ நன்றாக வாக்கியம் எழுதுகிறவன், இந்த ஒரு வாக்கியம் உனக்குக் கஷ்டமாக இருக்காது. கடிதம் கிடைத்தவுடன் சொல்லிவிடு கண்ணா. உனக்கு அதனால் ஏதும் கெடுதல் வந்தால் வரட்டும், இரண்டு கையும் நன்றாக இருக்கிற உனக்கு வேறு வேலை கிடைக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் போனுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீ அனுப்பிய பணம் வந்தது. நீ ஆஸ்பத்திரிக்கு வராததைப் பற்றி அப்பா ஒன்றும் நினைக்கவில்லை, விருது வேலை தலைக்கு மேல் இருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் உனக்காகப் பேசுகிறார்.

என் கடிதம் கிடைத்த அன்றே நீ போன் செய்தாய், அதை நான் மறக்கவில்லை. ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பொத்தான் தைப்பதை நிறுத்திவிட்டு, ஊசியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டது இதுதான். "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா, இல்ல நடுவர்கள் போற வரைக்கும் தாங்குமா?" தாங்கும்பா, அம்மாவுக்கு எல்லாமே பெரிசு என்றார் இவர். நீ பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. சரிப்பா, பார்த்துக்கோங்க என்று வைத்துவிட்டாய். பதிலையும் உள்ளே வைத்து ஒரு கேள்வி கேட்டாய் கண்ணா. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், மனம் கேட்கவில்லை. என் வயிற்றெரிச்சல் உன்னிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவேன்?

நடுவர்கள் வந்தார்கள். அன்றைக்கு இவர் கைக்குத் தடியான தோல் உறை மாட்டிவிட்டார்களாம், நசுங்கிய விரல்களைச் சுற்றிப் பஞ்சு அடைத்து. ஸ்டோர் ரூமுக்கு ஒரு பெண் நடுவர் வந்து, இங்கே பாதுகாப்பாக இருக்கிறதா என்று கேட்டாராம். இவர் மனப்பாடம் பண்ணியதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, அந்தப் பகுதியை எழுதியது என் பையன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய்க் கை கொடுக்க வந்தார்களாம். இவர் இடது கையை நீட்டினாராம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அதையே பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்களாம். இதைச் சொல்லும்போதே இவருக்குக் காய்ச்சல் கொதித்தது. அதோடும் சொன்னார், நல்லா முடிஞ்சுது, அவன்கிட்ட சொல்லிடு என்று.

அன்றைக்கு நர்ஸ் பெண் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் உனக்குச் சொல்லியிருக்கிறார்களோ என்னவோ. இவர் கண் விழிக்கும் முன்பே சிரிப்பு மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. இவர் தானாகவே வேலையை விட்டு ஓய்வு பெற்றுக்கொள்வதாக ஒரு காகிதம், ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு முந்தைய தேதி போட்டு. ஓய்வு பெற்றவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அது ஆலைக் கணக்கில் வராதாம். கொடுக்க வேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்துவிடும் என்றார். நான் அதைக் கிழித்துப் போட எழுந்தேன். இவர் கண்ணைத் திறந்தார். என்ன ஏதென்று கேட்டுக்கொண்டு, "அப்போ வரி பொய்யாகலையே?" என்றார். மேனேஜர் தலையை ஆட்டினார். கையெழுத்துப் போடும் கை இல்லை, அதனால் இடது பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார்கள். முத்து முத்தாக எழுதுகிற மனுஷன் கைநாட்டு வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, நீ எழுதியது பொய்யாகவில்லை. விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று ஆலை கேட்டில் மாட்டியிருக்கிற பலகையிலும் எண் ஏறிக்கொண்டேதான் இருக்கிறதாம். பச்சைப் பெயிண்ட் அடித்த கம்பிக் கதவையும் மாட்டிவிட்டார்கள், பளபளவென்று இருக்கிறதாம்.

விருது கிடைத்த செய்தி நேற்று வந்தது. வீட்டுக்கு வீடு இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள், நமக்கும் வந்தது. அப்பா அதை நர்ஸ் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். முதலாளியோடு நீயும் மேடை ஏறுகிறாய் என்று கேள்விப்பட்டதிலிருந்து தெருவே தெரிந்துகொள்ளும்படி நடக்கிறார். டிவி சரியாகத் தெரிகிறதா என்று காலையிலிருந்து போட்டுப் போட்டு அணைக்கிறார். அவர் உனக்கு எழுதச் சொன்னது: நல்ல சட்டை போட்டுக்கொள்ள வேண்டும், நிமிர்ந்து நிற்க வேண்டும், இவ்வளவு பெரிய விருதை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது, இரண்டு கையாலும் வாங்க வேண்டும்.

அப்படியே வாங்கு. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். அவர் உன் முகத்தைப் பார்ப்பார், நான் உன் கைகளைப் பார்ப்பேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா

பி.கு.: கவரின் மேல் முகவரியை நான் எழுதப் போனேன். விடவில்லை. இடது கையால் அவரே எழுதினார். மூன்று கவர் பாழாகி, இது நான்காவது. எழுத்து இங்கும் அங்கும் சாய்ந்திருக்கிறது, தபால்காரருக்குப் புரியுமோ என்னவோ. புரிந்து உன் கைக்கு வந்து சேர்ந்தால், அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே. எடுத்துக்கொண்டு ஒரு தடவை வா.